ஒரு மிஸ்ட் கால் என்றால் ஜாம் இல்லை

கஸ்தூரி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கீழே கூடாரக்காரர்கள் இரும்புக் கம்பிகளை இறக்கும் சத்தம் கேட்டது. காலை ஐந்து மணி. நேற்று வந்து தங்கிவிட்டவர்களின் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவளுடையது அடியில் இருந்தது.

அம்மா கூடத்தில் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. அவள் கால்மாட்டில் சித்தி உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள்.

தம்பி ரூபேந்திரன் குளியலறையிலிருந்து வந்தான். மூவாரில் நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளன். நேற்றுக் காலை அம்மா கூப்பிட்டதும் அப்படியே காரை எடுத்தவன், வேலைக்குப் போயிருந்த கஸ்தூரி சிங்கப்பூரிலிருந்து திரும்புவதற்குள் மருத்துவமனைக்கு வந்துவிட்டிருந்தான்.

"பத்து மணிக்கு அப்பாவ எடுக்கணும்க்கா."

"அதுக்குள்ள வந்துடுவேன்."

எங்கே போகிறாய் என்று அவன் கேட்கவில்லை. அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கதவுக்குப் பின்னால் தொங்கிய குடையை எடுத்துக் கொடுத்தான்.

அப்பா சதாசிவம் நேற்றுக் காலை ஆற்றோரம் நடக்கப்போன இடத்தில் இறந்தார். அறுபத்தொன்பது வயது. பொது இடத்தில் நடந்த சாவு என்பதால் காவல்துறை வந்தது, உடல் பரிசோதனைக்குப் போனது. இன்று பத்து மணிக்கு உடலையும் அவர் பையிலிருந்த பொருள்களையும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சாவி, அடையாள அட்டை, கைப்பேசி.

அந்தக் கைப்பேசியில் என்ன இருக்கும் என்று கஸ்தூரிக்குத் தெரியும். ஆறு இருபத்தொன்று, ஆறு இருபத்துமூன்று, ஆறு இருபத்தாறு. மூன்றும் அவளுக்கு அடித்த அழைப்புகள். மூன்றையும் அவள் எடுக்கவில்லை.

நேற்று மதியம் அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"ஒனக்குப் போன் பண்ணாராடி?"

"இல்லம்மா," என்றாள் கஸ்தூரி.

அப்பா எதற்காகக் கூப்பிட்டார் என்று பத்து மணிக்குள் தெரிந்தாக வேண்டும். அவர் விழுந்தபோது பக்கத்தில் இருந்த காவலாளியின் பெயர் செல்லப்பன் என்று போலீஸ்காரர் சொல்லியிருந்தார். ஆற்றோரத்து அலுவலகக் கட்டடம் ஒன்றில் வேலை. ஏழு மணிக்கு ஆள் மாறும்.

அவள் முதலில் கடலோரச் சாலைக்குப் போனாள். அப்பாவின் நடை அங்கேதான் தொடங்கும். அது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

இருட்டில் சிங்கப்பூருக்குப் போகும் பாலம் தெரிந்தது. அக்கரையில் சிங்கப்பூரின் விளக்குகள். பாலத்தின் மேல் வண்டிகளின் பின்விளக்குகள் சிவப்புக் கோடாக நின்றன. பாலத்தில் நெரிசலா இல்லையா என்று இவ்வளவு தூரத்திலிருந்து அப்பாவால் எப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் புரிந்தது. விளக்குகள் மங்கி மங்கி எரிந்தால் வண்டிகள் நகர்கின்றன. ஒரே பிரகாசமாக எரிந்தால் நிற்கின்றன.

ஒரு மிஸ்ட் கால் என்றால் ஜாம் இல்லை. இரண்டு என்றால் ஜாம், சீக்கிரம் கிளம்பு. அப்பாவுக்கும் அவளுக்கும் இருந்த ஏற்பாடு அது.

மூன்று வருடத்துக்கு முன்பு அப்படி இல்லை. அப்பா கூப்பிட்டுப் பேசுவார். ஒரு நாள் அவள் எல்லையில் பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவுக் கூடத்தின் வரிசையில் நிற்கும்போது கைப்பேசி அலறியது. அங்கே அதைக் கையில் எடுக்கவே கூடாது. அதிகாரி எல்லார் முன்னாலும் கத்தினார். வரிசையிலிருந்து விலக்கி அரை மணி நேரம் சுவரோரம் நிற்கவைத்தார். அன்று இரவு வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அவள் அப்பாவைத் திட்டினாள்.

"நான் உள்ள இருக்கறப்ப கூப்பிடாதீங்க. வீடு எரிஞ்சாலும் கூப்பிடாதீங்க."

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சரி, அடிச்சுக் கட் பண்ணிடறேன்," என்றார். மறுநாளிலிருந்து மணி மட்டும் அடித்தது. அவள் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன், ஐந்து ஐம்பதுக்குள்.

பாலத்தின் படங்களை நிமிடத்துக்கு ஒன்றாக அனுப்பும் குழு ஒன்று இரண்டு வருடமாக அவள் கைப்பேசியில் இருந்தது. வேலைக்குப் போகிற எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். அவளும் அதைத்தான் பார்த்தாள். அதை அப்பாவிடம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

நேற்று ஐந்து நாற்பத்தெட்டுக்கு ஒரு தடவை மணி அடித்தது. கிளம்பிப் போனாள். குடிநுழைவுக் கூடத்தில் இன்பராணி இடம் பிடித்து வைத்திருந்தாள். இருவரும் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரே தொழிற்சாலையில் பொருள் தரம் பார்ப்பவர்கள். வரிசை பாதி நகர்ந்தபோது பையில் கைப்பேசி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"என்னலா, ஒங்க வீட்டு ரேடியோ இன்னிக்கி ரெண்டு தடவ செய்தி வாசிக்குது?" என்றாள் இன்பராணி.

மூன்றாவது தடவையும் அதிர்ந்தபோது கஸ்தூரி சிரித்துவிட்டாள்.

"எங்கப்பாவுக்கு வரவரக் கணக்கே மறந்துபோச்சு."

பைக்குள் கைவிட்டு, பார்க்காமலே பொத்தானை அழுத்தி அணைத்தாள். பாலத்தைத் தாண்டியதும் சிங்கப்பூர் எண்ணை மட்டும் உயிர்ப்பித்தாள். எல்லாரும் செய்வதுதான். மலேசிய எண் மாலை திரும்பும்வரை அணைந்தே கிடக்கும். எட்டே முக்காலுக்குத் தொழிற்சாலை அலுவலகத்தில் கூப்பிட்டு, ஊரிலிருந்து தம்பி பேசுகிறான் என்றார்கள்.

இப்போது கடலோரத்தில் வெளுக்கத் தொடங்கியது. அவள் நீதிமன்றத்தைத் தாண்டி ஆறு கடலில் சேரும் இடத்துக்கு வந்தாள். ஆறு என்று சொன்னாலும் ஒரு பெரிய கால்வாய் அளவுதான். முன்பொரு காலத்தில் இதைக் கான்கிரீட் போட்டு மூடியிருந்தார்கள். பிறகு திறந்து, கரை கட்டி, மரம் வைத்து, நடக்க இடம் செய்தார்கள். இருபத்தொரு வருடம் இதன் பக்கத்து நிலையத்தில்தான் அவள் பேருந்து ஏறியிருக்கிறாள். கரையில் நடந்ததில்லை.

நடந்தாள். இடதுபுறம் குன்றின்மேல் பழைய அரசாங்கக் கட்டடத்தின் கோபுரம் கருத்து நின்றது. வலதுபுறம் வணிக வளாகங்கள் இன்னும் திறக்கவில்லை. கண்ணாடிச் சுவரில் ஒரே ஒரு மாடியில் விளக்கு எரிந்தது. அந்தப் பக்கத்துத் தெருவில் குருத்வாரா, சீனக் கோயில், மாரியம்மன் கோயில் மூன்றும் அடுத்தடுத்து இருப்பதாகவும், காலையில் மூன்றிலும் ஏதோ ஒரு மணி கேட்கும் என்றும் அப்பா ஒருமுறை சொன்னார். "ஞாயித்துக்கிழம வாயேன், காட்டறேன்," என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஒன்பது மணிவரை தூங்குவாள்.

தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. இரண்டு வெள்ளைக் கொக்குகள் நின்றன. எதிரே நடந்து வந்த சீனக் கிழவர் ஒருவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பாவைத் தெரிந்தவராக இருக்கலாம். எல்லாருக்கும் தலையசைப்பவராகவும் இருக்கலாம்.

செல்லப்பனைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கட்டடத்தின் பின்வாசல் ஆற்றைப் பார்த்து இருந்தது. அவர் அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கயிறு கட்டிய நெகிழிப் பொட்டலத்திலிருந்து குழலால் கோப்பி உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சீருடைச் சட்டை தோளில் பெரிதாகத் தொங்கியது. அவள் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணன் மகளா?"

"ஆமாண்ணே."

நாற்காலியை அவளுக்கு நகர்த்தினார். அவள் உட்காரவில்லை. அவரும் உட்காரவில்லை.

தினமும் ஆறேகாலுக்கு அப்பா இந்த வழியாக வருவாராம். ஐந்து நிமிடம் நின்று பேசுவாராம். பெரும்பாலும் பாலத்தைப் பற்றித்தான். லாரி கவிழ்ந்தது, மோட்டார்சைக்கிள் வரிசை கடல்வரை நின்றது, அந்தப் பக்கம் விடுமுறை நாள் வருகிறது. மகள் அதை நம்பித்தான் கிளம்புகிறாள் என்பாராம். மழையில்கூடக் குடையோடு வருவாராம். நேற்று வந்தவர் பேசவில்லை. அதோ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

செல்லப்பன் கையால் காட்டினார். மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதில் இலைகள் கிடந்தன.

"வலிக்குதுன்னு சொன்னாரா?"

"சொல்லலம்மா. கைய இப்படி வச்சிருந்தாரு." மார்பின் நடுவில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். "வேர்த்துக் கொட்டுச்சு. காத்துப் பிடிப்புன்னு நெனச்சேன். எங்கிட்ட தைலம் இருந்துச்சு. சட்டையத் தூக்கி நெஞ்சுலயும் முதுகுலயும் தேச்சு விட்டேன். ஏப்பம் வந்தா சரியாயிரும்னு சொன்னேன்."

அவர் கோப்பிப் பொட்டலத்தின் கயிற்றை விரலில் சுற்றினார்.

"கொஞ்சம் நல்லாருக்குன்னாரு. அதனால ஒக்கார வச்சேன். இருபது நிமிஷம் ஒக்கார வச்சேன்மா. ஆம்புலன்ஸ கூப்பிட்டது ஆறே முக்காலுக்கு."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடை ஒன்றின் இரும்புக் கதவு மேலே ஏறியது.

"எனக்கு மூணு தடவ போன் வந்துச்சுண்ணே," என்றாள். "அவரா அடிச்சாரு?"

"ரெண்டு தடவ அவரு அடிச்சாரு. எடுக்கலேன்னதும் நான் வாங்கி அடிச்சேன். திரும்பவும் அடிக்கறேன்னேன். குடுன்னு வாங்கிப் பையில வச்சுக்கிட்டாரு."

"ஏன்?"

"உள்ள இருப்பா, எடுத்தா அவளப் புடிச்சு நிக்கவச்சிருவாங்க, வேல கெட்டுரும்னாரு." செல்லப்பன் அவளைப் பார்க்காமல் சொன்னார். "அப்பறம் மணி கேட்டாரு. சொன்னேன். இந்நேரம் பாலத்துமேல போயிக்கிட்டிருப்பா, அந்தப் பக்கம் போனா வேற நம்பர்னாரு. அந்த நம்பரச் சொல்லுங்கண்ணே, நான் எம் போன்ல அடிக்கறேன்னேன். அவருக்குத் தெரியல."

அந்த எண்ணை அவள் அப்பாவுக்குக் கொடுத்ததில்லை. இன்பராணியிடம் இருந்தது. தொழிற்சாலையில் இருந்தது. நகைக்கடைக்காரனிடம் இருந்தது.

"வீட்டுக்குச் சொல்லட்டுமான்னும் கேட்டேன். வேணாம், வீட்டுக்காரி பயந்துருவான்னாரு. அப்பறம் பேசல. சாஞ்சுட்டாரு."

"வேற எதாச்சும் சொன்னாரா?"

செல்லப்பன் யோசித்தார். பொய்யாக ஏதாவது சொல்லலாமா என்று யோசிப்பவர்போல இருந்தது.

"இல்லம்மா," என்றார்.

அவர் தைலம் தேய்த்ததற்கு அவள் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். உங்கள்மேல் தவறில்லை என்று சொல்லியிருக்கலாம். அவரும் அதற்காகக் காத்திருப்பதுபோல நின்றார். அவளுக்கு அது வாயில் வரவில்லை. அப்பா வழக்கமாக எதுவரை போவார் என்று கேட்டாள்.

"மேல, இந்த ஆறு ரோட்டுக்கு அடியில போவுது பாருங்க, அங்கவரைக்கும். அங்க கம்பியத் தொட்டுட்டுத் திரும்பிருவாரு. தொடலேன்னா நடந்த மாதிரியே இல்லம்பாரு."

"நேத்து போகல."

"நேத்து போகல," என்றார் அவர்.

அவள் கிளம்பினாள். சிறிது தூரம் போய்த் திரும்பி வந்தாள்.

"கூட இருந்தீங்கண்ணே," என்றாள். "அது போதும்."

செல்லப்பன் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தவர் தைல வாசனை இன்னும் இருக்கிறதோ என்னவோ, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

மேலே போகப்போக ஆறு குறுகியது. பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஆட்கள் ஓடினார்கள். முதுகில் பை, கழுத்தில் அட்டை, ஒரு கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். எல்லாரும் கைப்பேசியைப் பார்த்தபடியே ஓடினார்கள். அவர்களில் இரண்டு முகம் அவளுக்குத் தெரியும். அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. இந்த நேரத்தில் இந்தப் பக்கம் பார்த்து நடப்பவர்களை அவளும் பார்த்ததில்லை.

சாலைக்கு அடியில் இருட்டான வாயிலிருந்து ஆறு வெளியே வந்தது. கரையில் பச்சை வண்ணம் அடித்த கம்பி. அதில் எந்த இடத்தைத் தொடுவார் என்று தெரியவில்லை. அவள் ஒரு இடத்தில் கையை வைத்தாள். பனியில் ஈரமாக இருந்தது.

கைப்பேசியை எடுத்துத் தம்பிக்கு அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுக்கா."

"அப்பா நேத்து எனக்குத்தான் கூப்பிட்டாரு. மூணு தடவ. நான் எடுக்கல."

அந்தப் பக்கம் கம்பிகளைச் சுத்தியலால் அடிக்கும் சத்தம் கேட்டது. யாரோ நாற்காலிகளை எங்கே போடுவது என்று கேட்டார்கள். அவன் பதில் சொல்லாமல் அங்கிருந்து நகர்ந்து போவது தெரிந்தது. சத்தம் குறைந்தது.

"தெரியும்க்கா," என்றான். "நேத்தே போலீஸ்ல போனக் காட்டினாங்க."

கம்பியில் வைத்திருந்த கையை அவள் எடுத்துக்கொண்டாள்.

"நான் அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல."

"ம்."

"எங்க இருக்க?"

"ஆத்துகிட்ட."

அவன் சொன்னான், "வர்றப்ப பசியாற எதாச்சும் வாங்கிட்டு வா. நேத்துலேர்ந்து அம்மா ஒண்ணும் சாப்பிடல."

சரி என்றாள். அவன் வைத்த பிறகும் கைப்பேசியைக் காதில் வைத்திருந்தாள்.

நகராட்சிச் சீருடை போட்ட ஒருவர் நடைபாதையைப் பெருக்கிக்கொண்டு வந்தார். நீண்ட ஈர்க்குத் துடைப்பம். இலைகளை ஒரே சீராகத் தள்ளிக்கொண்டு வந்தவர் அவள் காலருகே வந்து நின்றார். காத்திருந்தார்.

கஸ்தூரி குனிந்து பார்த்துவிட்டு இரண்டடி நகர்ந்தாள். அவர் அந்த இடத்தையும் பெருக்கிவிட்டுப் போனார்.