குடிக்காத காபி

அபூ கலஃப் ஊற்றிக்கொடுத்த காபியை வாங்கினேன். ஒரு வாய்கூடக் குடிக்காமல் பாயின்மேல் வைத்தேன். கூடாரத்தில் நடந்துகொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றுவிட்டது.

அவர்கள் குலத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். விருந்தாளி ஒரு காரியமாக வந்திருக்கிறார். கேட்டதைத் தருவதாக வீட்டுக்காரர் வாய்திறந்து சொல்லும் வரை கோப்பையைத் தொடமாட்டார். கொலைப்பகை தீர்க்கவும் பெண் கேட்கவும் போகிற பெரிய மனிதர்கள் செய்கிற வேலை இது. கோப்பை அப்படியே கிடக்க, விருந்தாளி எழுந்து போனால் அந்த வீட்டின் பெயர் போயிற்று. ஒரு பொம்பளை, அதுவும் லெபனான்காரி, இப்படி வைத்து அவர் பார்த்திருக்கமாட்டார். எனக்கும் வேறு வழி இல்லை. முன்பு வேறு காரியங்களுக்கு வந்தபோது தன்மையாகக் கேட்டுப் பார்த்தாயிற்று, சண்டையும் போட்டுப் பார்த்தாயிற்று.

"குடிங்க டாக்டர், ஆறிடப் போகுது," என்றார், ஒன்றும் புரியாதவர் போல.

"ஆறட்டும். ஒண்ணு கேட்டு வந்திருக்கேன்."

"யாரு உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக்கொடுத்தது?"

"இத்தனை வருஷமா உங்க ஆளுங்க கூடாரத்துலதான என் பொழப்பு ஓடுது. வத்ஹாவை நான் பார்க்கணும், அபூ கலஃப்."

வத்ஹா அவருடைய மருமகள். நிறைமாதக்காரி. காலையில் ஊர் மருந்துக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, முகாம் ஷாவீஷ் வந்து கடையில் இருந்த உப்புச்சர்க்கரைப் பொட்டலம் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனதாகச் சொன்னார். ஷாவீஷ் என்றால் இந்தச் சிரியா அகதிகள் முகாமுக்கு எல்லாமே அவர்தான். நிலத்துக்காரருக்கு வாடகை கட்டுவதும், உருளைக்கிழங்கு வயலுக்கு ஆள் அனுப்புவதும், யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்வதும் அபூ கலஃப்தான். நான் வரும்போது அவர் கூடாரத்துக்குப் பின்னால் புதுச் சுண்ணாம்பு தூவியிருந்தது. துவைத்த கம்பளிகள் கயிற்றில் சொட்டிக்கொண்டிருந்தன. இந்தச் சமவெளியில் தொற்றுநோய்த் தடுப்பு வேலைக்குத் தலைவி நான். காலரா என்று எனக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

"வத்ஹா அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா," என்றார் அபூ கலஃப்.

திரைக்குப் பின்னால் யாரோ ஓங்கரித்தார்கள். அவர் இருமி அதை மூடப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா வீடு ரொம்பப் பக்கம் போலிருக்கு."

அவர் மனைவி உம் கலஃப் காபியோடு கொடுக்கும் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினாள். கொஞ்சம் பாயில் சிந்தியது. "தண்ணியாவது குடி மகளே," என்றாள். நான் அதையும் தள்ளி வைத்தேன்.

"எங்க தண்ணி அருவருப்பா இருக்கோ?" அபூ கலஃப் முகம் சிவந்தது.

"அந்தத் தண்ணிதான் உங்க மருமகளைக் கொல்லுது. நிலத்துக்காரர் கிணத்துலருந்து டாங்கர்ல வருதே, அதான். நீங்களும் குடிக்காதீங்க."

"வேற எதைக் குடிக்கிறது? ஊருக்குள்ள குழாய் வருது. எங்களுக்குக் குழாய் போட விடுவாங்களா? கூடாரம் நிரந்தரமாயிடுமாம்!" தொடையில் அடித்துக்கொண்டார். "டாக்டர், உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அம்மை வந்த வருஷம் உங்க ஆபீஸ் வெள்ளைக் கார் வாசல்ல வந்து நின்னுச்சு. மருந்து கொடுத்தாங்க, நல்லவங்க, போயிட்டாங்க. அப்புறம் என்ன ஆச்சு? ஒரு வயக்காரனும் எங்களைக் கூப்பிடல. சீக்குக்காரங்க, கிழங்கைத் தொடக்கூடாதுன்னுட்டான். நகராட்சி புல்டோசரைக் கொண்டாந்து அந்த ஓரத்துக் கூடாரமெல்லாம் வழிச்சுப் போட்டுது. சுத்தம் பண்றாங்களாம். இப்ப காலரான்னு பேர் வந்தா முகாமே இருக்காது. ஒருத்திக்காக இத்தனை பேரை நடுத்தெருவுல விடச் சொல்றீங்களா?"

"கார் பெட்ரோல் பங்க்லயே நிக்குது. நான் நடந்துதான் வந்தேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. என் காலணியில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார். ஆனாலும் அசையவில்லை.

உம் கலஃப் தாங்கமாட்டாமல் வாயைத் திறந்தாள். "நகமெல்லாம் நீலமாயிடுச்சு மகளே. கூப்பிட்டா கண்ணைத் திறக்க மாட்டேங்குறா."

"வாயை மூடு!"

"மூட மாட்டேன்! உன் மகன் பெய்ரூத்துலருந்து வந்து கேட்டா நீ பதில் சொல்லு!"

திரையை விலக்க நான்கு எட்டுகூட ஆகாது. ஆனால் ஷாவீஷை மீறி நான் இன்று ஒரு கூடாரத்துக்குள் நுழைந்தால், விடிவதற்குள் மற்ற கூடாரங்களில் மறைத்திருக்கும் நோயாளிகளையெல்லாம் லாரியில் ஏற்றி வேறு முகாம்களுக்கு அனுப்பிவிடுவார்கள். நோயும் சமவெளி முழுக்கச் சுற்றுலா போய்விடும். இந்த மனிதர் வாயால் சரி என்று வந்தாக வேண்டும்.

என்னிடம் ஒரே ஒரு ரகசியம் மிச்சம் இருந்தது. அதைச் சொன்னால் என் நாற்காலி போகும்.

"அபூ கலஃப், கேளுங்க. இது முகாம்ல ஆரம்பிக்கல. ஊருக்குள்ள மூணு பேர் ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க. காலராதான். பரிசோதனை முடிவு முந்தாநாளே வந்தாச்சு."

"என்னது?"

"டாங்கர்காரன் உங்களுக்கு மட்டுமா ஊத்துறான்? கல்யாண மண்டபத் தொட்டிக்கும் அதே கிணத்துத் தண்ணிதான். கெட்டுப்போன சாப்பாடுன்னு எழுதி வெச்சிருக்காங்க. கல்யாண சீசன், வெளிநாட்டுலருந்து சொந்தபந்தம் வந்திருக்கு, அவங்க ஊர் திரும்புற வரைக்கும் வெளிய விடாதேன்னு நகராட்சித் தலைவர் சொன்னார். எங்க மேலிடமும் தலையாட்டிடுச்சு. நான் கத்தினேன், யாரும் கேக்கல."

அபூ கலஃப் சிரித்தார். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"அவங்களுக்கு வந்தா கெட்டுப்போன சாப்பாடு. எங்களுக்கு வந்தா புல்டோசர்."

"ஆமா. அதை இன்னிக்கே உடைக்கிறேன். மருந்து ரெண்டு இடத்துக்கும் ஒரே நாள்ல, ஒரே நேரத்துல. கிணத்துக்குப் பூட்டு. முகாம் பேரை மட்டும் தனியா யாரும் சொல்ல முடியாது. இது என் வாக்கு."

"உங்க வேலை போயிடுமே டாக்டர்."

"போனா உங்க கூட கிழங்கு பொறுக்க வரேன். கூலி நீங்கதான பேசிவிடணும்?"

திரைக்குப் பின்னால் ஓங்கரிப்பு நின்றுவிட்டது. அந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது. உம் கலஃப் கணவனைப் பார்த்தாள். அவர் குனிந்து கோப்பையைத் தானே எடுத்து என் கையில் கொடுத்தார்.

"காபியைக் குடிங்க. கேட்டது கெடச்சுது."

ஆறிக் கசந்த காபியை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு எழுந்து ஓடினேன்.

வத்ஹா சருகாகக் கிடந்தாள். கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளினேன், கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. குழந்தையின் துடிப்பு மட்டும் லேசாகக் கேட்டது. பையிலிருந்த சலைன் பாட்டிலை எடுத்து உம் கலஃபிடம் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். ஒரு கையில் நரம்பு கிடைக்கவில்லை. மறுகையிலும் நழுவியது. என் வாயில் வராத வசவு இல்லை. கடைசியில் முழங்கை மடிப்பில் ஊசி ஏறியது, நீர் இறங்க ஆரம்பித்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். இவளுக்கு இங்க வெச்சுப் பார்த்தா போதாது. உங்க லாரி எங்க?"

"வயல்ல. வர நேரமாகும்." அபூ கலஃப் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகாம் வாசலை ஒருமுறை பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "உங்க காரைக் கூப்பிடுங்க."

"வெள்ளைக் கார், அபூ கலஃப்."

"தெரியும். கூப்பிடுங்க."

டிரைவர் தூஃபிக்கை அழைத்தேன். அடுத்ததாக, இரண்டாவது காரோடு ஊருக்குள் இருந்த என் நர்ஸ் கின்வாவை அழைத்தேன்.

"கின்வா, நகராட்சி ஆபீஸ் வாசல்ல போய் நிறுத்து. சைரனை அணைக்காதே. யார் கேட்டாலும் காலராத் தடுப்பு மருந்து ஊர்ல இங்கதான் ஆரம்பிக்குதுன்னு சொல்லு."

"மேடம், மேலிடத்து அனுமதி?"

"என் பேரைச் சொல்லு. சத்தமாச் சொல்லு."

தூஃபிக் வந்து நிறுத்திய நேரம் பார்த்து, சாலையில் ஒரு வயல் மேஸ்திரி வண்டியை மெதுவாக்கினான். கண்ணாடியை இறக்கி வெள்ளைக் காரைப் பார்த்தான், வத்ஹாவைத் தூக்கி வருவதைப் பார்த்தான், அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நாளைய கூலி போனது அபூ கலஃபுக்குத் தெரியாமல் இல்லை. காரில் ஏறி, மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

பாதி வழியில் என் கோட்டுப் பையில் போன் கதறியது. என் ஒரு கை சலைன் பாட்டிலைப் பிடித்திருந்தது, இன்னொரு கை வத்ஹாவின் மணிக்கட்டில். "யாருன்னு பாருங்க," என்றேன். அபூ கலஃப் எடுத்துப் பார்த்தார்.

"நகராட்சித் தலைவர்."

"விடுங்க. அப்புறம் பேசிக்கறேன்."

அவர் விடவில்லை. பொத்தானை அழுத்திக் காதில் வைத்தார். எதிர்முனையின் கூச்சல் எனக்கே கேட்டது: யாரைக் கேட்டு என் வாசலில், ஊரே வேடிக்கை பார்க்கிறது, உன்னைத் தொலைத்துவிடுவேன். என் விரலுக்கடியில் அந்த நேரம்தான் ஏதோ தட்டியது. மெலிசாக. மறுபடியும் தட்டியது. நாடி.

அபூ கலஃப் கூச்சல் அடங்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"டாக்டருக்குக் கை ஒழியல தலைவரே," என்றார். "நான் முகாம் ஷாவீஷ் பேசறேன். உங்க வீட்ல யாருக்காவது வயித்தால போகுதா? மறைக்காதீங்க. நான் மறைச்சேன்." கனைத்துக்கொண்டார். "அந்தம்மா வந்தா உடனே உள்ள விடுங்க. காபி ஆறுற வரைக்கும் உக்கார வெச்சிராதீங்க."