இரவல் நடை

பொத்தான் மொத்தக் கடைக்காரம்மா பதினொரு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஆனால் அந்தப் பதினொரு நாளும் அவளுடைய உள்ளங்கால்களில் தெருப் புழுதி படிந்திருந்தது. ஒருநாள் மரத்தூள், ஒருநாள் சணல் நார், மழை பெய்த அன்று விரலிடுக்குகளில் சேறு. தினமும் ஈரத்துணியால் துடைத்துவிட்டவர் அவள் கணவர். அது, காலையில் தான் நடந்துவந்த தெருவின் அழுக்கு என்பது துடைக்கும்போதே அவருக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் துடைத்தார்.

அவளுக்கு ரத்தப் புற்றுநோய். மூன்றாவது சுற்று மருந்து ஏறியதும் மருத்துவமனைக்காரர்கள் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டி அனுப்பினார்கள். பட்டை அடிகளை எண்ணும். எண்ணிக்கை போன் வழியாக எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் உடற்பயிற்சி கோச்சுக்குப் போய்ச் சேரும். முதல் அழைப்பிலேயே அந்தப் பெண் நாளைக்கு நாலாயிரம் அடி என்றாள். முப்பது வருடம் பொத்தான் விற்றவளிடம் போய் இப்படி முதல் விலையைச் சொன்னால் என்ன ஆகும்?

"நாலாயிரமா? நான் என்ன தபால் குடுக்கவா போறேன்? ஆயிரத்து ஐநூறு."

"மூவாயிரமாவது நடங்கம்மா. அசதி குறையும்."

"ரெண்டாயிரம். ஞாயித்துக்கிழமை லீவு. அதுக்கு மேல கட்டாதும்மா."

கோச் சிரித்துவிட்டாள். பேரத்தில் முதலில் சிரிப்பவர் தோற்றவர். ரெண்டாயிரத்துக்கு முடிந்தது.

சொன்ன எண்ணிக்கையை அவள் ஒரு மாதம் தவறாமல் கொடுத்தாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தே ஒப்பேற்றினாள். நான்காவது சுற்று அவளை அடியோடு சாய்த்துவிட்டது. அன்று போன் திரையில் பூஜ்யம் நின்றது. கணவர் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கடையில் தராசு முள் ஆடினாலே மூன்று தரம் நிறுத்துப் பார்க்கிறவர். அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கப் பார்க்க, அது அடிகளின் கணக்காக அவருக்குத் தோன்றவில்லை. அவள் மட்டும் நிதானமாகப் பட்டையைக் கழற்றி நீட்டினாள். "கைவசம் சரக்கு இல்லன்னா என்ன பண்ணுவோம்? பக்கத்துக் கடையில வாங்கி நிரப்புவோம். இந்தாங்க, நீங்க நடந்துட்டு வாங்க. சொன்ன சொல்லு குறையக் கூடாது."

அவர் நடந்தார். திரையில் பச்சை வட்டம் நிறைந்ததும்தான் அவருக்குச் சோறு இறங்கியது. கோச் பாராட்டிச் செய்தி அனுப்பினாள். அன்று மாலையே அவள் காலில் புழுதி இருந்தது. முதல் வாரம் அதை அவள் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள். "சாக்குக் கடைச் சந்துல போனீங்களா? அங்க என்ன ஜோலி?" என்று படுத்தபடியே கேட்பாள். எட்டாம் நாள் அவள் குதிகாலில் கொப்புளம் வந்தபோது அந்த வேடிக்கை நின்றது. மறுநாள் மெதுவாக நடந்தார், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் காலை, மரப்பெட்டிகளை உடைத்துக் குவிக்கும் தெருவில் அவர் ஓர் ஆணியை மிதித்தார். செருப்பைத் துளைத்துக்கொண்டு அது உள்ளங்காலில் தலைவரை இறங்கியது. வலி இல்லை. சொட்டு ரத்தம் இல்லை. காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

"எதையோ மிதிச்சிட்டீங்க," என்றாள் அவள். "நகராதீங்க. மெத்தை எல்லாம் ரத்தம். நிக்கவே மாட்டேங்குது."

அவர் பட்டையைப் பிடுங்கிப் பெட்டிக் குவியல்மேல் எறிந்துவிட்டு, வீட்டை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தார். போனில் அவள் அலறினாள். கை மாறிய சரக்கு, ரசீதைக் கிழிப்பதால் திரும்பி வராது. நடுத்தெருவில் அந்தக் காலைத் தூக்கியபடியே நின்றார். வீடு தொள்ளாயிரம் அடி தூரம். அந்தத் தூரத்தை அவரைவிடச் சரியாக அறிந்தவர் கிடையாது. கோச்சைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்க சார், அம்மா பிரமாதமா நடக்கறாங்களே."

"அம்மா நடக்கலம்மா. நான்தான் நடக்கறேன். பதினொரு நாளா."

"அப்ப அவங்க நிஜமா எத்தனை அடி?"

"பூஜ்யம்."

ஆணி விஷயத்தையும் சொன்னார். கோச் அதைப் பல் வலியைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டாள். "ஆணியைப் பிடுங்காதீங்க. காலைக் கீழ ஊனாதீங்க. அம்மாவைச் சுத்தமான துணியால அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க, இப்பவே ஆம்புலன்ஸ் அனுப்பறேன். எண்ணிக்கை குறைஞ்சா என்ன ஆச்சுன்னு நாங்களே கூப்பிடுவோம் சார். அதுக்குத்தான் அந்தப் பட்டை, பரிசு குடுக்க இல்ல. ஜுரம் இருந்துச்சா?"

அவருக்குத் தெரியவில்லை. பதினொரு நாளாக அவள் கால்களையே துடைத்துக்கொண்டிருந்தவர் ஒருமுறைகூட நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கவில்லை.

சுமைக்காரர்கள் இருவர் அவரைத் தூக்கித் தள்ளுவண்டியில் மல்லாத்தினார்கள். "சிமெண்டு மூட்டைக்கு நீங்க எவ்வளவோ தேவலண்ணே, அழாதீங்க," என்றான் ஒருவன். கால்கள் வானத்தைப் பார்க்க, ஒவ்வொரு குலுக்கலுக்கும் போனில் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மருத்துவமனை போய்ச் சேர்ந்தார். ஆம்புலன்ஸில் வந்திருந்த அவளுக்கு நூற்றிரண்டு ஜுரம். மூன்று நாளாக இருந்ததை அசதி என்று நினைத்துப் படுத்திருந்தாள். வெள்ளணு ஏறக்குறைய இல்லை. அவர் காலில் இருந்து ஆணியை உருவினார்கள், அவள் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். கோப்பில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். பத்தொன்பது நாள் தனிமை அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாற்காலியில் காலை மடக்கியபடி அவர். இருபதாம் நாள் வெள்ளணு ஏறத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்த அன்று கோச் கூப்பிட்டாள். "இன்னிக்கு எத்தனைம்மா?"

"பதினேழு. கட்டிலுக்கும் சன்னலுக்கும்."

"போதும்மா."

வாழ்நாளில் முதல்முறையாக அவள் பேரம் பேசவில்லை.

அதற்கப்புறம் மூன்று வருடம் ஆயிற்று. அவள் இப்போது எண்ணூறு அடி நடக்கிறாள், சில நாள் நூறு. கை மாறிய கால்கள் மட்டும் திரும்பவே இல்லை; அவர் மிதிப்பது இன்னும் அவளுக்குத்தான் குத்துகிறது. சந்தைக்காரர்கள் தினமும் கடை திறக்குமுன் ஒரு கட்டையில் காந்தத்தைக் கட்டி, அவர் வரும் வழியெல்லாம் இழுத்துவிடுகிறார்கள். கிடைக்கும் ஆணி, குண்டூசியை இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்கிறார். கணவர் புதுச் செருப்பு வாங்கப் போனால், "வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கங்கண்ணே, கடிக்குதான்னு," என்கிறார் செருப்புக் கடைக்காரர். அவர் நாலடி நடந்து பார்த்துவிட்டுப் போனைக் காதில் வைக்கிறார். நாலாவது மணி அடிப்பதற்குள் அவள் எடுத்துவிடுவாள். எடுக்கும்வரை அவர் கால் மாற்றிக்கூட நிற்பதில்லை.