சுவர் ஓரக் கட்டில்

“அவங்க பாக்கலம்மா. பாக்குற மாதிரி உக்காந்திருக்காங்க.”

“அதான் எல்லார் மூஞ்சியும் தெரியுதே. அப்புறம் என்ன?”

“மூஞ்சி மட்டும்தான் தெரியுது. கை எங்க, கட்டில் எங்க? ஹால்ல ரெண்டு மணி நேரம் பேசினதை அப்படியே போன்ல பேசினா யாரு உக்காருவா?”

“அப்ப நீயே வந்து நடத்து. நான் போய் சமையலைப் பாக்குறேன்.”

மனைவியும் மகளும் என் தலைக்கு மேலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தலைக்கு மேலேதான். நான் கட்டிலில் கழுத்துவரை போர்வை போர்த்தி மல்லாந்து படுத்திருந்தேன். வகுப்பில் நான்தான் நோயாளி. அசையக் கூடாது என்று மனைவி உத்தரவு போட்டிருந்தாள். வகுப்பு முடிந்து வெகு நேரமாகியும் அந்த உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை.

என் மனைவி முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இப்போது வீட்டில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்பவர்களுக்குப் பாடம் எடுக்கிறாள். எழுந்திருக்க முடியாதவர்களை எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படிச் சாப்பாடு ஊட்டுவது, புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, எல்லாம் சொல்லித்தர வேண்டும். பயிற்சிக் கூடத்தில் நடுவில் ஒரு சக்கரக் கட்டில், அதன்மேல் ஆள் உயரத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை. பொம்மைக்குப் பெயர் மாப்பிள்ளை. சும்மா படுத்துக்கிடப்பான், எல்லோரும் ஓடி ஓடிக் கவனிப்பார்கள் என்பதால் படிக்க வந்தவர்கள் வைத்த பெயர். கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று கூடத்தை மூடிவிட்டார்கள். இந்தத் தடவை சேர்ந்தவர்களுக்குப் போனிலேயே வீடியோவில் நடத்துங்கள், கடைசியில் வாடகைக் கூடம் ஒன்றில் வைக்கிற செய்முறைத் தேர்வில் தேறினால் சான்றிதழ், இல்லாவிட்டால் இதோடு நிறுத்திவிடலாம் என்று பயிற்சி நிறுவனத்தின் மேலாளர் சொல்லிவிட்டார். அன்றைக்கு மாப்பிள்ளையின் இடத்துக்கு நான் வந்தேன். “கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் கழிச்சு மறுபடி மாப்பிள்ளை ஆயிட்டியேப்பா” என்றாள் மகள். லிஃப்ட் ரிப்பேர் பார்த்துப் பார்த்து இடுப்பு பிடித்துக்கிடந்த எனக்குப் படுக்கிற வேலை ஒன்றும் கசக்கவில்லை.

மகளுக்கு அவள் கம்பெனியில் பயிற்சி முழுக்கப் போனில்தான் நடந்தது. அதனால் கேட்பவர்கள் விடுகிற கொட்டாவி அவளுக்குத் தெரியும். பாடத்தைச் சின்னச் சின்னதாக உடை, கேள்வி கேள், அவர்களைச் செய்யவிடு என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். மனைவியின் பயமோ வேறு. கூடத்தில் ஒருத்தர் தப்பாகக் குனிந்தால் முதுகில் கை வைத்து நிமிர்த்துவாள். இங்கே அந்தக் கை நீளாது. வெள்ளிக்கிழமை மேலாளரைக் கூப்பிட்டு, இதைப் போனில் சொல்லித்தர முடியாது, நிறுத்திவிடுங்கள் என்று சொல்லப்போவதாக இருந்தாள்.

“பாதி கத்துக்கிட்டுப் போய் யாரோ ஒரு பெரியவரோட தோளை இழுத்து வச்சா, அது என்னைத்தானே சேரும்?” என்றாள்.

நான் போர்வைக்குள்ளிருந்து, “கடைசியா ஒரே ஒரு வகுப்பு அவ சொல்ற மாதிரி எடுத்துப் பாரேன்” என்றேன். நோயாளி பேசக் கூடாது என்றாள். ஆனால் முடியாது என்று சொல்லவில்லை.

மறுநாள் வகுப்பு தொடங்கியதும், எல்லோரும் போனை முகத்திலிருந்து எடுத்துக் கட்டில் தெரிகிற மாதிரி வையுங்கள் என்றாள். கொஞ்ச நேரம் ஒரே குலுக்கல். கூரை தெரிந்தது, யாரோ ஒருவருடைய செருப்பு தெரிந்தது, ஒரு குழந்தையின் மூக்கு வெகு அருகில் வந்து போனது. அப்புறம் ஒவ்வொன்றாக அறைகள் நிலைக்கு வந்தன. ஒரு கட்டில் சுவரோடு ஒட்டிக்கிடந்தது. அடுத்ததும் அப்படித்தான். இன்னொன்றுக்கு ஒரு பக்கம் சுவர், தலைமாட்டில் பீரோ. ஒரு வீட்டில் கட்டிலே இல்லை, மூலையில் தரையோடு மெத்தை. நாலு பக்கமும் ஆள் நடமாடுகிற மாதிரி நடு அறையில் ஒரு கட்டில் கூட இல்லை. இருக்கிற ஒரே அறையில் மற்றவர்களும் புழங்க வேண்டுமே.

மனைவி திரையில் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே போனாள். வருஷக்கணக்காக அவள் சொல்லித்தந்த முதல் பாடம் இதுதான்: எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம் போய் நின்று, ஆளை உங்களை நோக்கித் திருப்புங்கள், ஒருபோதும் எட்டித் தள்ளாதீர்கள்.

அந்த வகுப்பில் பஸ் கண்டக்டராக இருந்த ஒருவர் சேர்ந்திருந்தார். படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர். அவர்தான் மெதுவாகக் கேட்டார்.

“டீச்சர், அந்தப் பக்கம் போய் நிக்கணும்னு சொன்னீங்க. அந்தப் பக்கம் சுவருல்ல இருக்கு?”

“இவ்வளவு நாளும் எப்படித் திருப்புனீங்க?”

“இந்தப் பக்கம் மட்டும்தான், டீச்சர்.”

அப்பாவின் இடுப்பைக் காட்டச் சொன்னாள். அந்த ஒரு பக்கம் மட்டும் தோல் கன்றிச் சிவந்திருந்தது. இன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொன்னாள். பிறகு எல்லோரையும் பார்த்து, “சுவர்ப் பக்கம் எப்படித் திருப்புறதுன்னு எனக்கு இப்பத் தெரியல. நாளைக்குச் சொல்றேன்” என்றாள். இவள் வாயிலிருந்து ‘தெரியல’ என்று வந்து நான் கேட்டதில்லை. போனை அணைத்தாள். இதுவரை படித்துப் போனவர்களெல்லாம் வீட்டில் என்ன செய்திருப்பார்கள் என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? சக்கரக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தபோது யாருக்கும் தங்கள் வீட்டுச் சுவர் ஞாபகம் வந்திருக்காது.

சாயங்காலம் எங்கள் கட்டிலைச் சுவரோடு தள்ளினோம். நான் படுத்தேன். முதல் தடவை என்னைத் தள்ளியதில் முழங்கால் சுவரில் இடித்தது. இரண்டாவது தடவை மூக்கு. “ஆஸ்பத்திரியில இப்படியா பண்ணுவீங்க?” என்று கேட்டேன். “அங்க பேஷன்ட் இவ்வளவு பேச மாட்டாங்க” என்றாள். மகள் ஒரு போர்வையை நாலாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை வருகிற மாதிரி எனக்கு அடியில் விரித்தாள். அதைப் பிடித்து என்னை முதலில் கட்டிலின் இந்த ஓரத்துக்கு இழுத்தார்கள். சுவருக்கும் எனக்கும் நடுவே தலையணை வைத்தார்கள். இந்தப் பக்க முழங்காலை மடக்கி, கையை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துவிட்டு, போர்வையின் இந்தப் பக்க விளிம்பை மனைவி மெல்லத் தூக்கினாள். நான் வலிக்காமல், நழுவாமல், மூக்கு இடிக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். யாரும் என்னைத் தள்ளியதாகவே தோன்றவில்லை. “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டாள். நோயாளியிடம் அவள் கேட்ட முதல் கேள்வி. முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தால் தேவலை என்றேன். அதுவும் பாடத்தில் சேர்ந்தது.

அடுத்த வகுப்பு அரை மணிகூட இல்லை. பேச்சு கொஞ்சம்தான், மீதி நேரம் அவரவர் வீட்டில் போர்வை மடிப்பும் தலையணை தேடலும். கண்டக்டரின் முறை வந்தபோது மனைவி திரைக்குள்ளேயே போய்விடுவாள் போலக் குனிந்து நின்றாள். குனியாதீங்க, ஒரு முழங்காலைக் கட்டில்மேல வைங்க, இழுத்திட்டு நில்லுங்க, அவர்கிட்டக் கேளுங்க என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வார்த்தை அங்கே போய்ச் சேர்ந்து கையாக மாறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் காத்திருப்புதான் அவளுக்கு இதில் கஷ்டமான பாடம். போர்வை விளிம்பு உயர்ந்தது. பெரியவர் மெல்லத் திரும்பினார்.

 பிறகு சுவர்ப் பக்கமிருந்து கரகரவென்று ஒரு குரல்.

“ஏண்டா, இந்தப் பக்கம் பாக்க ஒண்ணுமே இல்லையேடா.”

“கொஞ்ச நேரம்தாம்ப்பா. அப்புறம் இந்தப் பக்கம் திருப்பிடுறேன்.”

“இடுப்புக்கு நல்லாருக்கு. சுவத்துல எதையாவது ஒட்டு.”

எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள், உடனே திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மேலாளரைக் கூப்பிட்டாள். வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. தேர்வை வாடகைக் கூடத்தில் வைக்க வேண்டாம், அவரவர் வீட்டில், அவரவர் கட்டிலிலேயே வையுங்கள், போனில் பார்த்து மதிப்பெண் போடலாம் என்றாள். இப்படி யாரும் கேட்டதில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இன்னும் சொல்லவில்லை. கண்டக்டர் ஒரு படம் அனுப்பியிருந்தார். பெரியவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், கண் மட்டத்தில் பழைய காலண்டர் படம் ஒன்று, நிறைய மரங்கள், ஒரு ரோடு.

இன்னும் எத்தனை விதமான கட்டில் இருக்கிறதோ, நான் பார்த்ததே கொஞ்சம்தான் என்கிறாள் இவள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது படுக்கையில் இருந்தால், கட்டில் எப்படிக் கிடக்கிறது, எந்தப் பக்கம் சுவர், ஆளை எப்படித் திருப்புகிறீர்கள், எது கஷ்டமாக இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். நீங்கள் எழுதுகிற மாதிரியே கட்டிலைப் போட்டு நான் படுத்துக்கொள்கிறேன், அவள் திருப்பிப் பார்ப்பாள்.