கடைசியில் எதை வைத்துத் தைப்பது

1

இந்தக் கதை எனக்கு மதியத் தூக்கத்தில் வந்தது. ஒரு பைண்டிங் கடை, பசை வாசனை. மேசை மேல் ஒரு தைக்காத புத்தகம் காற்றில்லாமலேயே பக்கம் புரட்டிக்கொண்டிருந்தது. விழித்ததும் எழுதினேன்: ‘ஒரு ஊரில் ஒரு பைண்டர் இருந்தாள். அவளுக்குக் கடவுளைப் பற்றி…’

வேண்டாம். அவளுக்குப் பழக்கமெல்லாம் ஊசியும் நூலும்தான்.

2

கடிகாரம் பழுதுபார்க்கும் யூதர் ஒருவர், இறந்துபோன மனைவியின் எபிரேய வேதத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு ஆகமமும் தனிச் சிறு புத்தகம். எல்லாவற்றையும் ஒன்றாகத் தைக்க வேண்டும்.

“நாளாகமம்தான் கடைசிம்மா. சிறைப்பட்டுப் போனவங்களை ஒரு ராஜா ஊருக்குத் திரும்பலாம்னு சொல்றான். அதோட முடியணும். அதுவே முழுசு, பாக்கின்னு எதுவும் கிடையாது.”

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு அவர் மகள் வந்தாள். அவள் கிறிஸ்தவளாகி ஆறு வருடம். அப்பாவோடு பேச்சு நின்றும் ஆறு வருடம்.

“அம்மா புத்தகம் எனக்கும்தானேக்கா? தீர்க்கதரிசிகளைக் கடைசியில வைங்க. அதுல கடைசி மல்கியா, அவரோட முடியட்டும். வரப்போறவருக்காகக் காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி. எங்களுக்கு அடுத்த பாகம், புதிய ஏற்பாடு, அங்கதான் ஆரம்பிக்குது.”

(எழுத்து ஒன்றுதான். வரிசை மாறினால் வேதம் வேறு பக்கம் திரும்பிப் பார்க்கிறது. இதை ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கலாம், ஆனால்…)

3

தொடக்கத்து ஐந்து ஆகமங்கள் இருவர் வரிசையிலும் முதலில்தான். அவற்றைத் தைத்துவிட்டாள். மிச்சத்தில் கைவைக்கப் பயமாக இருந்தது.

அப்பா கேட்ட கடைசிப் பக்கம் வீட்டுக்குப் போகச் சொல்கிறது. மகள் கேட்ட கடைசிப் பக்கமோ, அப்பாக்களின் மனம் பிள்ளைகள் பக்கம் திரும்பும் என்கிறது. இரண்டுமே திரும்பச் சொல்வதாகத்தான் பைண்டருக்குப் பட்டது.

(எபிரேயம் இவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே சந்தேகம். மகள் சொன்னதாக வைத்துக்கொள்வோம்.)

4

முடிவு ஒன்று: இருவரும் கட்டிப்பிடித்து அழு… பொய்.

முடிவு இரண்டு: இரண்டு புத்தகமாகக் கட்டி ஆளுக்கொன்று. அம்மாவைக் கூறுபோட்ட மாதிரி இருக்கும். எனக்கு மனசு வரவில்லை.

5

பைண்டர் இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னாள். வந்தார்கள். ஜன்னல் வெயிலில் காகிதத் தூசி மிதந்தது.

“எதுங்க கடைசி?”

“அவ சொன்னபடியே தைச்சிடும்மா.”

“வேணாங்க்கா. அப்பா சொன்ன மாதிரியே இருக்கட்டும்.”

“நான்தான் சொல்றேன்ல?”

“நீங்க சும்மா இருங்கப்பா!”

ஆறு வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. பைண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊசியை வைத்துவிட்டு டீ போடப் போனாள்.

எது கடைசியில் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் அவள் பின்னாலேயே போய்விட்டேன். நூல் கோத்த ஊசி மேசை மேல்தான் இருக்கிறது. அவர்கள் சண்டை முடியட்டும், அப்புறம் நீங்களே தைத்துவிடுங்கள். அவசரமில்லை.