டார்லீன் வீட்டு கராஜ் ஆய்வுக்கூடம்

இப்போதே சொல்லிவிட வேண்டும். டோனட் பெட்டியைத் திறப்பதற்குள். திறந்துவிட்டால் எல்லோர் உதட்டிலும் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும், சிரிப்பு தொடங்கிவிடும், அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் விருந்துச் சாப்பாட்டில் பல்லி விழுந்த மாதிரிதான். சும்மா, தலைவலி என்று சொல்வதுபோலச் சொல்லிவிடலாம். இன்னைக்கு நான் ஊசி போடலை. அவ்வளவுதானே?

டோனட் பெட்டி திறந்துவிட்டது.

"டாக்டர் லோர்னா! உங்களுக்குச் சாக்லேட்டா, வெறும் சர்க்கரையா?" என்று பெட்டியை நீட்டினாள் டார்லீன்.

"சர்க்கரை," என்றாள் லோர்னா. வாயில் வந்த முதல் சொல் அதுதான்.

லோர்னா டாக்டர் அல்ல. ஓஹையோவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டார்லீன் வீடு வாங்கி விற்கும் தரகு வேலை பார்த்தவள். ஐஸ் பெட்டியின் மேல் கால் நீட்டி உட்கார்ந்து டோனட்டைப் பிய்த்துக்கொண்டிருந்த மார்ஜி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். ஆனால் வியாழக்கிழமை காலை ஆட்டம் முடிந்து இந்த கராஜுக்குள் நுழைந்துவிட்டால் மூன்று பேரும் டாக்டர்கள்தான். அது டார்லீன் செய்த வேலை. பெப்டைடு என்ற ஊசி மருந்துப் பொடியை விற்கும் இணையதளம், நீங்கள் ஆராய்ச்சியாளரா, எந்த நிறுவனம் என்று கேட்டதாம். இவள் கண் இமைக்காமல் 'ஹெரான் குரோவ் உயர் அறிவியல் ஆய்வு நிறுவனம்' என்று அடித்துவிட்டாள். விலாசம், கோல்ஃப் வண்டி நிற்கும் இந்த கராஜ். விற்பவன் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பெட்டி வந்து இறங்கியது.

ஒவ்வொரு குப்பியிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் போட்டிருந்தது: ஆய்வுக்கு மட்டும், மனித உடலில் செலுத்துவதற்கல்ல. முதல் நாள் டார்லீன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அதை உரக்கப் படித்தாள். "சரி, வியாழக்கிழமைக்கு மட்டும் நாம மனுஷங்க இல்லைன்னு வச்சுக்குவோம்," என்றாள். கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது லோர்னாதான்.

ஹெரான் குரோவ் என்ற இந்தக் குடியிருப்பில் எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், ஆனால் ஓய்வெடுக்க வந்தவர்கள் யாரும் கிடையாது. வெயில் ஏறுவதற்குள் பிக்கிள்பால் என்கிற குட்டி டென்னிஸ் ஆட மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த ஓட்டைப் பந்தைத் துரத்தி முதலில் முழங்கை போகும், பிறகு முட்டி, பிறகு தோள். டாக்டரிடம் போனால் ஆடாதீர்கள் என்பார். இதைச் சொல்வதற்கு எதற்கு ஒரு டாக்டர் என்று திரும்பி வந்து, மறுநாளும் ஆடுவார்கள். இந்தச் சமயத்தில்தான் யாரோ ஒருவருடைய மருமகன் ஜிம்மிலிருந்து செய்தி கொண்டுவந்தான். கிழிந்த தசைநாரை ஒட்டவைக்கும் பெப்டைடாம். எலிகளுக்குப் போட்டுப் பார்த்ததில் பிரமாதமாக வேலை செய்ததாம். அந்த எலிகள் எந்த வயதில் என்ன ஆட்டம் ஆடின என்று யாரும் கேட்கவில்லை.

குப்பியில் இருப்பது வெறும் பொடி. அதில் நீர் விட்டுக் கரைத்து, சர்க்கரை நோயாளிகள் வைத்திருக்கும் மெல்லிய ஊசியில் சரியான கோடு வரை உறிஞ்சி, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் போட வேண்டும். அது லோர்னாவின் வேலை.

கணவன் வால்ட் இறந்துபோனதற்குப் பிறகு அவளிடம் யாரும் எந்த உதவியும் கேட்டதில்லை. பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பார்கள். அது விசாரிப்பு. வேறு யாருக்கும் அகப்படாத நரம்பு அகப்பட்ட கைகள் இவை. இப்போது அவற்றுக்குப் பூந்தொட்டியைத் தவிர வேறு வேலை இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. டார்லீன்தான் ஒருநாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இதுதான்டி வேணும்," என்றாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தான் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பதை லோர்னா கவனித்தாள். கவனித்தவுடன் வெட்கமாக இருந்தது. போடுவது மட்டும்தான் என் பொறுப்பு, உள்ளே இருப்பது அவர்கள் பாடு என்று தனக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவளே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

இன்று காலை ஆட்டத்துக்கு நடுவில் மார்ஜி பனியனைத் தூக்கிக் காட்டினாள். போன வாரம் ஊசி போட்ட இடம். எலுமிச்சம்பழம் அளவுக்குச் சிவந்து, கெட்டித்து இருந்தது. லோர்னா புறங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது.

"ராத்திரி நெஞ்சும் கொஞ்சம் படபடன்னு அடிச்சுக்கிச்சு. காபியா இருக்கும். நீ பந்தைப் போடு," என்றாள் மார்ஜி.

லோர்னா போட்ட பந்து வலையில் போய் விழுந்தது. அடுத்ததும்.

அதனால்தான் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தாள்.

டார்லீன் கராஜ் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கீழ்த்தட்டில் அவள் கணவன் ஹாங்கின் பீர் கேன்கள். கதவில், முட்டை வைக்கும் குழிகளில், சிவப்பு மூடி போட்ட குப்பிகள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. "புது சரக்கு," என்று ஒன்றை எடுத்து லோர்னாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

லோர்னா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வழக்கமாக அடியில் வெள்ளை வில்லை மாதிரி இருக்கும். இது சுருங்கி, பாகு போல ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன இப்படி உருகியிருக்கு?"

"தபால் பெட்டில கிடந்துச்சு. நான்தான் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டேனே."

"ஜூலை வெயில்லயா?"

"நாம கிடக்கலையா ஜூலை வெயில்ல? நாம உருகியா போயிட்டோம்?"

"உன்னோட இடுப்பு கொஞ்சம் உருகினா நல்லாத்தான் இருக்கும்," என்றாள் மார்ஜி.

"வாயை மூடிட்டுத் தின்னுடி. பொறாமை பிடிச்சவ."

லோர்னாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று பார்த்தாள். சொல் தொண்டைவரை வந்து, அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"இதைச் சோதனைக்கு அனுப்பினியா டார்லீன்?"

"அனுப்பாமலா? கண்ணைத் திறந்து பாரு." ஹாங்க் பிடித்த மீனின் படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு மாட்டியிருந்தது சோதனைச்சாலையின் சான்றிதழ். பெட்டி வாங்கும்போது எல்லோரும் சேர்ந்து ஒரு குப்பியைச் சோதனைக்கு விட்டுக்கொடுப்பது இப்படி வாங்கும் கூட்டங்களில் வழக்கம். அந்த ஒரு குப்பி தேறினால் எல்லாம் தேறியதாகக் கணக்கு. "தொண்ணூத்தொன்பது சதவீதம் சுத்தம். என் குழாய்த் தண்ணிகூட அவ்வளவு சுத்தம் கிடையாது."

"இந்தப் பெட்டில இருந்தா அனுப்பின?"

டார்லீன் விரலில் இருந்த சர்க்கரையை நக்கினாள். "வசந்தத்துல வந்த பெட்டில ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அதை அனுப்பினேன். நல்ல புதுசைப் போய் எதுக்கு வீணாக்கணும்?"

மார்ஜி மெல்லுவதை நிறுத்தினாள். "அது நீல மூடியில்ல?"

"மூடியையா குத்திக்கப் போற? அந்தக் கம்பெனிக்கு கவர்மென்ட்ல இருந்து எச்சரிக்கைக் கடுதாசி வந்துச்சாம். ராவோட ராவா மூடிட்டு வேற பேர்ல திறந்துட்டாங்க. பழைய வாடிக்கைக்காரங்களுக்குத்தான் முதல்ல சொல்லியனுப்பினாங்க. என்ன ஒரு மரியாதை பாரு!"

இல்லாத கம்பெனி செய்த, இங்கே இல்லாத குப்பிக்கு வாங்கிய சான்றிதழ் சுவரில் பளபளத்தது. லோர்னாவுக்கு உள்ளுக்குள் குபீரென்று ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் குளிர்ந்து போனது.

"சுத்தம்னா உள்ள இருக்கிற பொருள் சுத்தம்னு அர்த்தம். கிருமி இருக்கா இல்லையான்னு அதுல பார்க்கவே மாட்டாங்க. மார்ஜி வயித்துல இருக்கிறது எனக்குப் பிடிக்கலை," என்றாள்.

"வந்துட்டாங்கய்யா கவர்மென்ட்!" டார்லீன் கையைத் தட்டினாள். "இணையத்துல எல்லாருக்கும் அப்படித்தான் வருது. ஐஸ் வச்சா அமுங்கிடும்."

"டாக்டர்கிட்ட காட்டினியா மார்ஜி?"

"காட்டினா என்ன போட்டேன்னு கேப்பாரு. நான் என்னன்னு சொல்ல? எலிக்குப் போடுறதுன்னா? அப்புறம் மூளைக்கும் சேர்த்து ஸ்கேன் எழுதிருவாரு."

மறுபடி சிரிப்பு. டார்லீன் ஊசியின் உறையைப் பிரித்து, பஞ்சும் நீர்க் குப்பியும் வரிசையாக எடுத்து வைத்தாள். பிறகு லோர்னாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் ஒன்றும் மக்கு இல்லை. வீடு வாங்க வந்தவன் பின்வாங்குவதை வாசலிலேயே கண்டுபிடித்தவள்.

"உனக்குக் கஷ்டமா இருந்தா விட்டுரு கண்ணு," என்றாள் இனிப்பாக. "கோனி இருக்கா. மிருக ஆஸ்பத்திரில இருந்தவ, குதிரைக்கே போட்டவ. நம்மோட ஆட ஒரு இடம் கிடைக்குமான்னு பாவம் அவளும் கேட்டுட்டேதான் இருக்கா."

மைதானத்தில் நான்கு பேருக்குத்தான் இடம். டார்லீன், ஹாங்க், மார்ஜி, லோர்னா. லோர்னாவுக்கு அது ஏற்கெனவே தெரியும். வேறொருவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் உறைத்தது. வியாழன் இல்லாத வாரம் கண்முன் வந்தது. டிவி, பூந்தொட்டி, ஞாயிற்றுக்கிழமை போன். எதிர்வீட்டு வாசலிலிருந்து இவர்களுடைய கோல்ஃப் வண்டிகள் வரிசையாகப் போவதைப் பார்த்துக் கையசைக்கிற ஒரு பெண். அந்தப் பெண்ணாக ஆகிவிடாமல் இருக்கத்தான் இத்தனை வாரமும் சிரித்தேனா? ஆமாம் என்று பதில் சட்டென்று வந்தது. இவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

"கோனியும் வேணாம், கழுதையும் வேணாம். எனக்கு லோர்னாதான்," என்றாள் மார்ஜி. ஐஸ் பெட்டியின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, பனியனின் மறுபக்கத்தைத் தூக்கினாள். "இந்தப் பக்கம் போடு, அந்தப் பக்கம் நோவுது. சனிக்கிழமை நம்மோட ஆட பாம் ஹாலோ டீம்காரிங்க வராளுங்க. என் முழங்கை அதுக்குள்ள எனக்கு வேணும். போன தடவை அவளுங்க சிரிச்ச சிரிப்பை நான் மறக்கலை."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான். பேருந்து நிறையப் பிள்ளைகளைப் பனியில் ஓட்டிச் சென்றவளுக்கு ஊசி என்றால் பயம்.

மூடிய அந்தக் கண்களை லோர்னா பார்த்தாள். இவள் சான்றிதழைப் படித்ததில்லை. கம்பெனியின் பேர்கூட இவளுக்குத் தெரியாது. என் கை நடுங்காததைப் பார்த்து, அப்படியென்றால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொள்கிறாள். மருந்துக்கடையும் டாக்டரும் செய்ய வேண்டிய காவலை இந்தக் கை செய்வதாக நம்பிக்கொண்டிருக்கிறாள். உள்ளே இருப்பது அவர்கள் பாடு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதெல்லாம், இவள் அதை என் பாடு என்றுதான் நினைத்திருக்கிறாள்.

"சீக்கிரம்டி, வயிறு ஜில்லுங்குது," என்றாள் மார்ஜி.

டார்லீன் ஊசியை நீட்டினாள். லோர்னா அதை வாங்கவில்லை. குனிந்து மார்ஜியின் பனியனைக் கீழே இழுத்துவிட்டாள். மார்ஜி கண்ணைத் திறந்தாள்.

"முடிஞ்சிருச்சா? தெரியவே இல்லையே."

"நான் போடலை மார்ஜி."

டார்லீன் ஊசியைப் பிடித்த கையை இறக்கவில்லை.

"யோசிச்சுக்கோ லோர்னா. சனிக்கிழமைக்கு ஆள் சொல்லணும் நான்."

"கூப்பிட்டா ஆட வரேன்," என்றாள் லோர்னா. குரல் தணிந்துதான் இருந்தது. "இப்ப இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவும் நான் தயார். ஊசி மட்டும் போடமாட்டேன்."