மருமகள் படிக்காத வரி

கிர்கீஸ் மலைநாட்டில், நரின் ஊர் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒரே பெண் நான்தான். குல்சைரா என்று பெயர். "அக்கா, சின்னதா ஒரு பிரச்சினை" என்று யாராவது ஆரம்பித்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். சின்னப் பிரச்சினைக்கு எங்கள் ஊரில் யாரும் கடைக்கு வருவதில்லை. பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

அன்று வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி. மந்தி என்கிற கறிக் கொழுக்கட்டை ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன், போன் அடித்தது.

"அக்கா, நான் அத்-பாஷியிலேர்ந்து நூர்சாத் பேசறேன். உங்ககிட்ட மௌஸ் வாங்கினேனே, ஞாபகம் இருக்கா?"

"மௌஸ் வாங்கினவங்களை எல்லாம் ஞாபகம் வெச்சுக்க முடியுமா? என்ன ஆச்சு, அதைச் சொல்லு."

"சின்னதா ஒரு பிரச்சினை."

மந்தியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் சொன்னதன் சுருக்கம் இது. பிஷ்கெக்கில் மலையேற்றம் நடத்தும் ஒரு கம்பெனிக்கு அவள் வரைபடம் வரைகிறாள். இரண்டு கோடை முழுக்கக் குதிரைமேல் அலைந்து, எந்த ஓடையை எங்கே கடக்கலாம், எந்த ஊற்று ஆகஸ்டிலும் வற்றாது, எந்த மேய்ச்சல் நிலத்தில் யாருடைய கூடாரம் நிற்கும் என்று ஒன்று விடாமல் குறித்து வைத்திருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் பழைய படத்தையே அச்சடித்துவிடுவார்கள். அவளுக்கும் அத்தோடு சீட்டுக் கிழிந்துவிடும். காலையிலிருந்து கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

"வேற எங்கயாவது காப்பி எடுத்து வெச்சிருக்கியா?"

"எதோட காப்பி?"

"சரி, விடு." தட்டைத் தள்ளி வைத்தேன். "ஸ்கிரீனைப் போட்டோ எடுத்து அனுப்பு."

"போன மாசம் கன்னுக்குட்டி மிதிச்சதுல போன்ல காமிரா போச்சுக்கா. பேச மட்டும்தான் முடியும்."

எங்கள் ஊருக்கும் அத்-பாஷிக்கும் நடுவிலுள்ள கணவாயில் முந்தின நாள் பனி கொட்டி வண்டிகள் நின்றிருந்தன. நான் அங்கே போக வழியில்லை, பெட்டி இங்கே வரவும் வழியில்லை. வாயால்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

"முன்னாடி ஏதாவது சொல்லிட்டு இருந்துச்சா? ஆன் பண்ணும்போது?"

"மூணு மாசமா பேட்டரின்னு என்னமோ எழுதி, எஃப் ஒன் அழுத்துன்னு சொல்லும். அழுத்துவேன்."

"மூணு மாசமா?"

"அழுத்துன்னு சொன்னா அழுத்தணும்தானேக்கா?"

நல்ல மருமகள். சொன்னதைச் செய்து செய்து பழகிய கை. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஏனென்றால் நான் அப்படிப்பட்ட மருமகள் இல்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம், சந்தைக் கூட்டத்தில் தொலைந்துபோன என் மாமியாரை அவர் பெயரைச் சொல்லியே உரக்கக் கூப்பிட்டவள் நான். ஆள் கிடைத்துவிட்டார். ஆனால் நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்கிற இந்த வழக்கத்தைப் பற்றி என்னிடம் யாராவது பேச்செடுத்தால், அன்று முழுக்க என் கடையில் வியாபாரம் நடக்காது.

அது இருக்கட்டும். நோய் என்ன என்று எனக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரின் உள்பலகையில் பட்டன் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். பெட்டி தூங்கும்போதும் அதன் செட்டிங்குகளை மறக்காமல் வைத்திருப்பது அதுதான். அது செத்துக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் மூன்று மாதமாகப் பெட்டி கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறது. முந்தின இரவு பனிப்புயலில் விடிய விடியக் கரண்ட் இல்லை. பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டது. ஹார்ட் டிஸ்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்பதையும் சேர்த்து.

"நூர்சாத், கேட்டுக்கோ. என்கிட்ட மூணு சட்டம் இருக்கு. எதை மாத்தினாலும் முன்னாடி என்ன இருந்துச்சுன்னு பேப்பர்ல எழுதணும். ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும். அது ஏதாவது கேள்வி கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல இருக்கிறதை மேலேர்ந்து கீழ வரைக்கும் எனக்குப் படிச்சுக் காட்டணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. பையனோட நோட்டு எடுத்துக்கறேன்."

பின்னால் யாரோ முனகுவது கேட்டது. "அத்தைதான்க்கா. நான் கம்ப்யூட்டரோட சண்டை போடறேன்னு பக்கத்துல வந்து உக்காந்திருக்காங்க."

"துணைக்கு இருக்கட்டும். இப்ப ஆன் பண்ணி, எஃப் டூவை விடாம தட்டு."

தட்டினாள். உள்ளே போனாள். டிஸ்க் வரியைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரமாயிற்று. அவளுடைய ஆங்கிலம் ஓடை, கணவாய், பாலம் என்கிற வரைதான் போகும். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், அர்த்தம் என் பொறுப்பு. அந்த வரியில் மூன்று வழிகள் இருந்தன. பெட்டி இப்போது நடுவில் இருப்பதில் நின்றது. அதை நோட்டில் எழுதச் சொன்னேன். முதல் வழியைப் போட்டுப் பார்த்தோம். நீல ஸ்கிரீன் வந்து பெட்டி மறுபடி அணைந்தது. எழுதச் சொன்னேன். மூன்றாவது, ரெய்ட் என்று இருப்பதைப் போடச் சொன்னேன்.

"எழுதிட்டேன். ஸேவ் பண்ணிட்டேன். திரும்ப ஆன் ஆகுதுக்கா."

மணி மூன்றரை. அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். "தங்கச்சி, இது பேப்பரை மெல்லுது" என்று மேஜைமேல் வைத்து, மெல்லுவதை நடித்தே காட்டினார். நான் அவரைக் கையமர்த்திக்கொண்டிருந்தபோது போனில் நூர்சாத் என்னமோ சொன்னாள், சரியாகக் காதில் விழவில்லை.

"என்ன வந்திருக்கு?"

"கறுப்பு ஸ்கிரீன்க்கா. நாலு வரி இருக்கு."

மறுபடியும் செட்டிங்கிலேயே போய் நின்றுவிட்டது என்று நினைத்தேன். மூன்றாவது வழியும் பலிக்கவில்லை, பழையபடி வைத்துவிட்டு வேறு பக்கம் தேடுவோம் என்று மனசு ஓடியது. வாயில் போடாத மந்தி வேறு ஆறிக்கொண்டிருந்தது.

"ரெய்டுன்னு இருக்கிற வரி தெரியுதா?"

"மூணாவது வரி. முன்னாடி ரீசெட், அப்புறம் நான்-ரெய்டுன்னு இருக்கு."

"அதேதான். ரெய்ட் வேண்டாம்னு சொல்லு. அதைப் போடு."

"போட்டேன். ஒய்யா, ‘என்’னான்னு கேக்குது."

ஸேவ் பண்ணட்டுமா என்று கேட்கிறது, வேறென்ன? ஒய் அழுத்து என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். என் சட்டத்தை நானே மீறினால் அந்தப் பெண்ணுக்கு அதன்மேல் என்ன மரியாதை இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக, "படிச்சிட்டு அழுத்து" என்றேன்.

"மேலேர்ந்தா?"

"மேலேர்ந்துதான்."

"ஒரு கட்டம் இருக்கு. அதுல பூஜ்யம். அதுக்குப் பக்கத்துல..."

நின்றுவிட்டாள்.

"பக்கத்துல?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நூர்சாத், லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். அந்த வரியை விட்டுட்டு அடுத்ததைப் படிக்கட்டுமாக்கா?"

"எல்லாத்தையும் படின்னுதானே சொன்னேன்! மணி என்ன ஆகுது தெரியுமா? தெரியாத வார்த்தையா? எழுத்து எழுத்தாவாவது சொல்லித் தொலை."

"தெரியாத வார்த்தை இல்ல."

"அப்புறம் என்ன கேடு?"

"சொல்ல முடியாதுக்கா." அவள் குரல் இறங்கிப் போயிற்று. பின்னாலிருந்து மாமியார் தாழ்ந்த குரலில், ஆனால் நன்றாகக் கேட்கும்படி, "சொல்லிடாத பொண்ணே" என்றார்.

பிரிண்டர்காரர் என் முகத்தைப் பார்த்து ஓர் அடி பின்னால் போனார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. எத்தனை ஆயிரம் கம்ப்யூட்டர் பார்த்திருக்கிறேன். செட்டிங்கில் வருகிற வார்த்தைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு கிர்கீஸ் மருமகள் மாமியார் முன்னால் சொல்லக் கூடாத வார்த்தை அதில் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியானால் அவள் இருப்பது செட்டிங்கில் இல்லை. யாரோ ஒரு மனிதர் கையால் பெயர் வைத்த இடத்தில் இருக்கிறாள். பெட்டியில் மனிதர் பெயர் வைக்கிற இடம் ஒன்றுதான், டிஸ்க்.

"கையை எடு!" என்று கத்தினேன். "ரெண்டு கையையும் எடு! எதையும் தொடாதே!"

"எடுத்துட்டேன்! எடுத்துட்டேன்க்கா!"

"அந்தப் பெட்டிய உனக்கு யாரு செஞ்சு குடுத்தா?"

"இவருதான். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி."

"உள்ள எத்தனை டிஸ்க்?"

"ரெண்டு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்னு சொன்னாரு."

இதை நான் இரண்டு மணிக்கே கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகள்கூடக் கேட்கிற முதல் கேள்வி. கேட்கவில்லை. இரண்டு டிஸ்கையும் ஜோடி சேர்த்து, இரண்டிலும் ஒரே சமயத்தில் ஒன்றையே எழுதும்படி செய்திருக்கிறான் அவள் புருஷன். அந்த ஜோடிக்குத்தான் ரெய்ட். மூன்றாவது வழியைப் போட்டதுமே நோய் தீர்ந்துவிட்டது. சும்மா விட்டிருந்தால் பெட்டி தானாக எழுந்து உட்கார்ந்திருக்கும்.

"கறுப்பு ஸ்கிரீன் வர்றதுக்கு முன்னாடி ஏதாவது அழுத்தினியா?"

"கன்ட்ரோலையும் ஐயையும் அழுத்துன்னு எழுதிச்சு. உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் அழுத்தினேன்."

பிரிண்டர்காரர் பேப்பர் மென்று காட்டிய நேரம். அழுத்துன்னு சொன்னா அழுத்தணும்தானே. அவள் போய்ச் சேர்ந்தது ஜோடியைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிற அறைக்கு. அங்கே நிற்கிற பெண்ணிடம்தான் நான் ‘ரெய்ட் வேண்டாம்னு சொல்லு’ என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு ஒய். இரண்டு கோடையும் அத்தனை ஓடையும் ஊற்றும் துடைத்துப் போட்ட பலகை மாதிரி ஆகியிருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"நூர்சாத், கண்ணு. இப்ப ‘என்’ அழுத்து. ஒய் இல்ல, என். எந்தப் பக்கம்னு விரலை வெச்சுப் பாத்துட்டு அழுத்து."

"என்... அழுத்திட்டேன்."

"நாலாவது வரி என்ன? எக்ஸிட்டுன்னு இருக்கா? அதைப் போடு. இப்ப அது ஆஃப் ஆகி ஆன் ஆகும். என்ன அழுத்தச் சொன்னாலும் அழுத்தாதே. கெஞ்சினாலும் அழுத்தாதே. ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கோ."

"வெச்சுட்டேன். அத்தையும் வெச்சுட்டாங்க."

காத்திருந்தோம். அந்த நேரத்தில் அங்கே ஒரு கதவு திறந்தது. கனத்த குரல் ஒன்று, "என்ன இது, வீடே கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு? யாரு செத்தா?" என்றது. மாமனார். மாமியார் அவரிடம் என்னமோ ஓதினார். போன் கை மாறியது.

"யாரும்மா நீ?"

"நரின்லேர்ந்து குல்சைரா பேசறேங்க. கம்ப்யூட்டர் ரிப்பேர்."

"இவங்களால சொல்ல முடியாத பேரை நான் சொல்றேன், எழுதிக்கோ. எஷிம்பெக். நல்லாக் கேக்குதா? எஷிம்பெக்! எழுபது வருஷமா எனக்கு அதுதான் பேரு. என்னைய அழிக்கச் சொன்னியாமே?"

"தப்புத்தாங்க. பெரிய தப்பு."

"பரவால்ல. வரி ஆபீஸ்காரன் இருபது வருஷமா முயற்சி பண்றான், அவனாலயே முடியல."

அதற்குள் பின்னால் ஒரு சின்ன மணிச் சத்தம். பெட்டி எழுந்துவிட்டது. நூர்சாத் ஒரு கூச்சல் போட்டாள். அது சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"இருக்குக்கா! எல்லாம் இருக்கு! ஓடை எல்லாம் இருக்கு!"

"பென் டிரைவ்ல போடு. மொதல்ல போடு, அப்புறம் அழு."

போட்டாள். பள்ளிக்கூடத்தில் நல்ல இன்டர்நெட் இருக்கிறது என்று எஷிம்பெக் குதிரைக்குச் சேணம் கட்டப் போனார். நான்கு ஐம்பதுக்கு நூர்சாத் மறுபடி கூப்பிட்டாள். படம் போய்ச் சேர்ந்துவிட்டது, அச்சகத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

"வழி திறந்ததும் டாக்ஸிக்காரர்கிட்ட பேட்டரி குடுத்து விடறேன்" என்றேன். "அதை மாத்தறவரைக்கும் பெட்டியை அணைக்காதே. பிளக்கைப் பிடுங்காதே. அது சரி, உன் வீட்டுக்காரனுக்கு வேற பேரே கிடைக்கலையா? டிஸ்குக்குப் போய் அப்பா பேரை வெச்சிருக்கான்?"

நூர்சாத் வெட்கத்தோடு சொன்னாள். "நானும் கேட்டேன்க்கா, வைக்கும்போதே. ‘உன் வேலை எல்லாம் இதுலதான் இருக்கப் போகுது. அப்பா பேரை வெச்சா இந்த வீட்ல யாருக்கும் அழிக்கக் கை வராது’ன்னு சொன்னாரு."

இருபது வருஷமாக அந்த வழக்கத்தைத் திட்டிக்கொண்டிருக்கும் நான், "நல்லா இரு" என்று போனை வைத்தேன்.

கடையைச் சாத்துவதற்கு முன் உட்கார்ந்து, மூன்று வருஷமாக நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருந்த வேலையைச் செய்தேன். கடையின் மொத்தக் கோப்புகளையும் ஒரு புது டிஸ்கில் காப்பி எடுத்தேன். முடிந்ததும் இந்த டிஸ்குக்கு என்ன பெயர் என்று பெட்டி கேட்டது. யோசிக்கவே இல்லை. என் மாமியாரின் பெயரைத் தட்டினேன்.