காற்றாடி நின்ற வேளை

நாமக்கல்லை அடுத்த சென்னியப்பனின் கோழிப்பண்ணைக்குச் சன்னல் கிடையாது. நான்கு புறமும் அடைத்த நீண்ட கொட்டகை. உள்ளே முப்பதாயிரம் முட்டைக்கோழிகள். அவற்றுக்கு மூச்சளிக்க ஒரு சுவர் முழுவதும் ராட்சத மின்விசிறிகள். விசிறிகளுக்கு ஆணையிடுவது பக்கத்து அறைக் கணினி. கணினிக்கு ஆணையிடுவது யார் என்பதுதான் அந்த வாரம் முழுவதும் அவரை அலைக்கழித்த கேள்வி.

யாரும் கேளாமலே ஒரு மென்பொருள் தன்னைத்தானே நிறுவிக்கொண்டது. நீக்கினால் மறுபடி வந்தது. வந்ததும், கணினியை நிறுத்தித் தொடங்கு என்றது. தொடங்காவிட்டால் தானே நிறுத்தியது. அப்போதெல்லாம் விசிறிகள் அத்தனையும் நின்றன. விடியற்காலைக் குளிரில் நடந்ததால் கோழிகள் பிழைத்தன.

வெள்ளிக்கிழமை முற்பகலில் ராசிபுரத்திலிருந்து கணினி பழுதுபார்க்கும் அறிவுச்செல்வி வந்தாள். மே மாத வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அவள் மென்பொருளை நீக்கினாள். கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் அது திரும்பி வந்தது. தேடியபோது காரணம் அகப்பட்டது. விசிறி விற்ற நிறுவனம் போட்டுவைத்த இன்னொரு சிறு மென்பொருள் மறைந்திருந்து, நீக்கியதை நீக்கிய கணத்திலேயே மீண்டும் நிறுவிக்கொண்டிருந்தது.

"ரெண்டையும் சேத்தி எடுத்துரலாங்கய்யா. எடுக்கறப்ப கம்ப்யூட்டர் ஒருக்கா நின்னு கிளம்பும். அதுக்கு முன்னால ஃபேனையெல்லாம் கம்ப்யூட்டர்ல இருந்து பிரிச்சு நேர் கரண்டுக்கு மாத்தோணும். கரண்டு பேனல் பெட்டிச் சாவி குடுங்க."

சென்னியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

"இப்பத்தான் ராகு காலம் பொறந்துருக்குது அம்மிணி. பன்னெண்டுக்கு மேல தொறந்துக்கலாம்."

"அதுக்குள்ள அதுவே நிறுத்திப்போடுமுங்க. ஸ்கிரீன்ல காட்டுது பாருங்க."

"தள்ளிப்போடற பட்டன் இருக்குதல்ல? அமுக்கு."

"அமுக்கி அமுக்கித் தீந்துபோச்சுங்க. ராகு காலம் உங்களுக்குத்தானுங்க, அதுக்கில்ல."

வாசலில் நின்ற அவர் மனைவி வசந்தாமணி சிரித்துவிட்டாள். சென்னியப்பன் சிரிக்கவில்லை.

"போன வருசம் இதே நேரத்துல எலெக்ட்ரீசியன் தொறந்தான். மோட்டாரு புகைஞ்சு போச்சு. மறந்துட்டியா?"

"எலி கடிச்ச ஒயருக்கு ராகு என்னங்க பண்ணும்?" என்றாள் வசந்தாமணி.

இயந்திரத்தை வாங்கும்போது அறிவை நம்பிய மனிதர், அதை இயக்கும்போது அச்சத்தை நம்பினார். இரண்டுக்கும் இடையில், பூட்டிய கொட்டகைக்குள், முப்பதாயிரம் உயிர்கள் இருந்தன.

திரை இருண்டது. விசிறிகளின் இரைச்சல் தேய்ந்து, அடங்கி, இல்லாமற்போனது. அந்த அமைதிக்குள் கோழிகளின் முனகல் எழுந்தது, சுவரெங்கும் பரவியது, பிறகு ஓரிடத்திலிருந்து மெலியத் தொடங்கியது.

"கடைசிப் பக்கம் சத்தமே இல்லீங்க," என்றாள் அறிவுச்செல்வி. "சாவியக் குடுங்கய்யா."

சென்னியப்பனின் கை இடுப்புக்குப் போயிற்று; அங்கேயே நின்றது. மறுபடி ஒளிர்ந்த திரையில் நிறுவுதல் பாதியில் உறைந்து கிடந்தது.

கணவன் உயிரோடிருக்கையில் அவன் அரைஞாண் அறுபடக் கூடாது என்பது வசந்தாமணி பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஒரே வழக்கம். பிணத்தின் கயிற்றைத்தான் அறுப்பார்கள். அவள் தீவன மூட்டை பிரிக்கும் கத்தியை எடுத்து வந்து, அவர் கையை விலக்கி, கயிற்றை அறுத்தாள்.

பேனல் திறந்தது. விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுழன்றன. கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அறைந்தது. கொட்டகையின் கடைக்கோடியில் கூண்டு கூண்டாக வெள்ளை இறகுகள் அசையாமல் கிடந்தன.

"ராகு காலத்துல தொறந்தீங்கல்ல, பாருங்க," என்றார் சென்னியப்பன்.

"பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்," என்றாள் வசந்தாமணி.

அறிவுச்செல்வி கணினியின் முன் அமர்ந்து, இரண்டு மென்பொருள்களையும் வேரோடு களையத் தொடங்கினாள். அவளை அவர் தடுக்கவும் இல்லை, செய் என்று சொல்லவும் இல்லை. உள்ளே எஞ்சிய கோழிகள் அலகு பிளந்து, சத்தமின்றி இரைத்துக்கொண்டிருந்தன. பொழுது சாய்வதற்குள் அவற்றில் எத்தனை விழும் என்பது அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை.